ஆட்சேபணைக்குத் தொண்ணூறு நாள்

கைக்குட்டை விழவேண்டிய இடத்தில் விழுந்துவிட்டது, அதுதான் கோகிலவாணிக்கு இன்னும் நம்பமுடியவில்லை. சேலம் வண்டி நாமக்கல் பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போதே கூட்டம் அதோடு ஓடியது, ஜன்னல் வழியாகத் துண்டு போயிற்று, மஞ்சப்பை போயிற்று, மடித்த செய்தித்தாள் போயிற்று, ஒருவர் சாப்பாட்டுத் தூக்கையே உள்ளே இறக்கினார், அறுபத்தோரு வயதில் அவளும் ஓடினாள், ஓடினாள் என்று சொல்வது அவள் முழங்காலுக்குக் கொடுக்கும் மரியாதை, வேகமாக நடந்தாள், நடந்து, மூன்றாவது ஜன்னலுக்கு நேராகக் கையை உயர்த்திப் பூப்போட்ட கைக்குட்டையை விட்டெறிந்தாள். முப்பத்துமூன்று வருடம் கனிமவளத் துறையில் இருந்து, ஜீப்பின் முன்சீட்டிலேயே ஊர் சுற்றியவளுக்கு, பஸ்ஸில் இடம் பிடிப்பது தனிப்படிப்பு என்று ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது. மூன்று வருடமாகப் படிக்கிறாள், இன்றைக்குத்தான் பாஸ். படிக்கட்டில் இடிபட்டு ஏறி வந்து பார்த்தால் இரட்டை சீட்டின் ஜன்னலோரத்தில் அவளுடைய கைக்குட்டை சாதுவாகக் காத்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவர்கூட அதைத் தொடாமல் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். நாலு விரல் அகலத் துணி. அதற்கு ஊரே கட்டுப்படுகிறது. அவள் உட்கார்ந்து, மடியில் பரிசுப் பையை வைத்துக்கொண்டு, கண்ணாடியை முழுக்கத் தள்ளிவிட்டாள். காற்று வந்தது. வேறென்ன வேண்டும், நல்ல வெயில் தாழ்ந்த நேரம், பழைய டைப்பிஸ்ட் ரஞ்சிதத்தின் மகளுக்குச் சேலத்தில் ஆறரை மணிக்குக் கல்யாண வரவேற்பு, பையில் அவளே தேர்ந்தெடுத்த வெண்கலக் காமாட்சி விளக்கு, மதியம் வைத்த மொச்சைக்கொட்டைக் குழம்பு நாக்கிலேயே இருக்கிறது, மணி மூன்று ஐம்பது. ஐந்து மணிக்குள் ஒரு வரி அனுப்பவேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

ஒரே ஒரு வரி. குழுத் தலைவர் காலையில் அப்படித்தான் சொன்னார், ஓய்வுபெற்ற நீதிபதி, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரிப் பேச்சு. "மேடம், ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வரி போட்டுட்டீங்கன்னா முடிஞ்சது. மத்த ஆறு பேரும் போட்டுட்டோம். அஞ்சு மணிக்கு நான் மேல அனுப்பணும். ஒருமனதா போனா வியன்னாவுல ஐ.நா. கூட்டத்துல நம்ம நாட்டோட யோசனையா வெச்சிடலாம், முன்னமே சொன்ன மாதிரி நீங்களும் வர்றீங்க." நிலாவில் யார் தோண்டலாம், எப்படித் தோண்டலாம், தோண்டியது யாருக்கு என்று வரைவு எழுத ஏழு பேர் குழு. வக்கீல்கள் மூன்று பேர், ராக்கெட்காரர்கள் இரண்டு பேர், நீதிபதி ஒருவர், கல் தெரிந்தவள் என்று இவள். கல்லால்தான் இவளுக்கு நிலா வந்தது. நாமக்கல் பக்கத்துப் பாறை ஒன்று நிலாவின் மேட்டு மண்ணுக்கு ஒத்துப்போகிறது என்று அதை இடித்துப் பொடித்து, இறங்குகிற வண்டிக்கு ஒத்திகை மண்ணாகக் கொண்டுபோனார்கள், அப்போது பாறைகளை அடையாளம் காட்டியவர்களில் இவளும் ஒருத்தி. ஊருக்கே வேடிக்கை, நம்மூர் ஜல்லியில் நிலாவா என்று. சரி, வரைவில் எட்டு விதி வரைக்கும் வம்பில்லை. ஒன்பதாவதில்தான் நெருஞ்சிமுள். ஒருவர் நிலாவில் ஓர் இடத்தைக் குறித்து முதலில் அறிவித்துவிட்டால், அதைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்கு வேறு யாரும் வரக்கூடாது. ஆட்சேபணை உள்ளவர்கள் தொண்ணூறு நாளுக்குள் சொல்லலாம். சொல்லாவிட்டால், ஆட்சேபணை இல்லை என்று கொள்ளப்படும். கொள்ளப்படும். அந்தச் சொல்லில்தான் அவள் நாலு நாளாகக் கால் இடறிக்கொண்டிருக்கிறாள். ராக்கெட் இல்லாத நாடுகள் எப்படி வந்து சொல்லும் என்று கேட்டதற்கு நீதிபதி சிரித்தார், கோபப்படவே தெரியாத மனுசர், "என்னைக்கோ ஒருத்தர் வருவார்ங்கறதுக்காக, இன்னைக்கு வந்து நிக்கறவனை உக்காராதேன்னு சொல்லுவீங்களா மேடம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகள்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

வண்டி நகர்ந்தது. எதிர்ப்பக்கம் மூன்று பேர் உட்காருகிற சீட்டில் ஒரே ஒரு ஆரஞ்சுக் கரைத்துண்டு, நீளவாக்கில், வாழையிலை விரித்த மாதிரி, ஓரத்தில் துண்டுக்காரர், அவருடைய தண்ணீர்ப் பாட்டில் நடுவில், செருப்புகூட ஒரு பக்கம் கழற்றி மேலே. சுற்றி ஆறு பேர் நிற்கிறார்கள். "புதுச்சத்திரத்துல ரெண்டு பேரு ஏறுவாங்க," என்றார் யாரும் கேட்காமலே. நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஏனுங்கண்ணா, வண்டி நவுந்துருச்சு. வண்டி நவுந்தா துண்டுக்கு மருவாதி இல்லீங்க, எடுங்க." "ஆளு வருதுங்க." "வரட்டும். வந்தா பாத்துக்கலாம். ஒரு துண்டுக்கு ஒரு எடம், அதுவும் வண்டி நிக்கற வரைக்கும்தான். மூணு சீட்டுக்கு ஒரு துண்டுன்னா, நாளைக்கு ஒருத்தன் வேட்டியக் கொண்டாந்து வண்டி பூராவும் விரிச்சுருவான்." வண்டி சிரித்தது. கோகிலவாணியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே, அடேயப்பா என்று நினைத்தாள். ஏழு பேர், நாலு மாதம், தில்லியில் ஏசி அறை, முந்திரி, ஒருவருக்கும் இது தோன்றவில்லையே. இடம் குறித்தவன் எத்தனை நாளுக்குள் போய் இறங்கவேண்டும் என்று ஒன்பதாம் விதியில் இல்லை. ஒருவன் எத்தனை இடம் குறிக்கலாம் என்றும் இல்லை. வேட்டியை விரித்துப்போட்டுவிட்டு வீட்டில் தூங்கலாம், நூறு வருடம் தூங்கலாம். எழுதிவைக்காத சட்டத்தை விசில் ஊதுகிறவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார், எழுதுகிறவர்களுக்குப் பஸ் தெரியாது. அவளுக்கும் மூன்று வருடம் முன்புவரை தெரியாதுதான், அதனால் ரொம்பவும் பேசவேண்டாம். துண்டு சுருட்டப்பட்டது, இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள், துண்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். புதுச்சத்திரம் வந்தது. அவர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். ஒரு கோழித்தீவன மூட்டை ஏறிற்று, மூட்டைக்காரன் ஏறினான், வேறு யாரும் ஏறவில்லை. "அடுத்த வண்டிக்கு வருவாங்களாட்டம் இருக்குது," என்றார். நடத்துநர் விசில் ஊதினார்.

பொய்த்துண்டு என்று அவளால் சட்டென்று முடிவுகட்ட முடியவில்லை, அங்கேதான் சிக்கல். எல்லாத் துண்டும் வல்லவன் துண்டு இல்லை. அவளே ஒருகாலத்தில் துண்டாக இருந்தவள். ஏழு வயது. அப்பா அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பஸ் ஜன்னல் வழியாக, அப்போதெல்லாம் ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி இல்லாத வண்டிகள் இருந்தன, உள்ளே விட்டுவிடுவார், தலை முதலில் போகும், காலில் செருப்பு கழன்று வெளியே விழும், "கண்ணு, காலை அகட்டி உக்காந்துக்கோ, அம்மா வருதுன்னு சொல்லு." அம்மாவுக்கு இடது கால் சூம்பிய கால். கூட்டத்தோடு ஏறினால் கீழே விழுந்துவிடுவாள், எல்லாரும் ஏறின பிறகுதான் ஏறவேண்டும், அதற்குள் இடம் போய்விடும். ஆகவே ஏழு வயதுச் சிறுமி இரண்டு பேர் இடத்தைக் காலாலும் கையாலும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ரெக்சின் சூடு தொடையில் சுடும், மீசைகள் குனியும். யாரு பாப்பா வராங்க? அம்மா வருது. எங்க வருது, காணமே? வருது. தள்ளி உக்காரு பாப்பா. வருது, வருது. அந்த பயத்தை இன்றைக்கும் வயிற்றில் தொட்டுப்பார்க்கலாம், அப்படியே இருக்கிறது, அம்மா வராமலே வண்டி எடுத்துவிட்டால் என்ற பயம், தான் மட்டும் ஒரு காலி இடத்தைக் கட்டிக்கொண்டு தெரியாத ஊருக்குப் போய்விடுவோம் என்ற பயம். ஒவ்வொரு தடவையும் அம்மா வந்துவிட்டாள். வியர்த்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து, முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "என்ற தங்கம்" என்பாள். அதோடு மீசைகள் சும்மா இருந்துவிடும், சிலபேர் பாவம் என்று காலைக்கூட ஒடுக்கிக்கொள்வார்கள். அதுவும் துண்டுதானே. ஓடமுடியாதவளுக்காகப் போட்ட துண்டு. பந்திக்கு முந்து என்று சொன்னவன் முந்தமுடியாதவளுக்கு என்ன சொல்லிவைத்தான்? அம்மா போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, வருத்தம் எப்போதோ வற்றிவிட்டது, வந்து உட்காரும் அந்த நிமிடம் மட்டும் நிற்கிறது.

முட்டை லாரி ஒன்று முந்திக்கொண்டு போயிற்று, அட்டை அட்டையாக வெள்ளை, அதன் பின்னாலேயே திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி, இரும்புக் கோபுரத்தைப் படுக்கவைத்துக்கொண்டு, மேலே நாலு பேர் வெயிலில் கறுத்து. இவர்கள் போகாத மாநிலம் இல்லை. நிலாவில் தோண்டலாம் என்று சட்டம் வந்தால் முதலில் திருச்செங்கோட்டு வண்டிதான் போய் நிற்கும், எந்த நாட்டுக் கொடியும் அப்புறம்தான், ஆயிரம் அடிக்குள் தண்ணீர் வராவிட்டால் பாதிக் கூலி என்று பேரமும் பேசிவிடுவார்கள். அவள் தானாகச் சிரித்ததைப் பக்கத்துப் பெரியவர் ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தார். வானம் யாருக்கும் சொந்தமில்லை என்று அறுபது வருடத்துக்கு முன்னாலேயே நாடுகள் கையெழுத்துப் போட்டாயிற்று. அப்புறம் சில நாடுகள் சாமர்த்தியமாக, இடம்தான் சொந்தமில்லை, எடுத்த பொருள் சொந்தம் என்று சட்டம் செய்துகொண்டன. கடல் யாருடையதும் இல்லை, பிடித்த மீன் பிடித்தவனுடையது, அந்த மாதிரி என்கிறார்கள். சரிதான், ஆனால் மீன் குட்டிபோடும். பாறை குட்டிபோடாது என்பதை முப்பத்துமூன்று வருடம் பார்த்தவள் அவள். மலையில் எடுத்த இடம் எடுத்த இடம்தான், அடுத்த மழைக்குத் துளிர்க்காது. நிலா பெரிசு மேடம், எல்லாருக்கும் இருக்கு என்றார் ராக்கெட்காரர். பெரிசுதான். பஸ்கூடத்தான் பெரிசு, ஜன்னலோரம் எத்தனை? தென்முனைப் பக்கம் வெயிலே படாத குழிகளில் ஐஸ் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் பெரும்பாலும் வெயில் அடிக்கிற மேடுகள் கொஞ்சம், தண்ணீரும் வெளிச்சமும் சேர்ந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருபது கிலோமீட்டர் வட்டம் போட்டால் பத்துப் பேர் கையில் முடிந்தது கதை. தடி எடுத்தவன் தண்டல்காரன். இந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது, ஐந்து மணி ஆகிவிட்டதோ, நீதிபதியோ என்று அவசரமாக எடுத்துப் பார்த்தால் வீட்டுக்காரர் தண்டபாணி. "வாணி, அந்த ஸ்வெட்டரப் போட்டுப் பாத்தியா இல்லியா? கை நீளமா இருந்தா மாத்திக்கலாம்னு கம்பளிக் கடைக்காரன் சொல்லியிருக்கான், அவனுங்க சந்தை முடிஞ்சா போயிருவானுங்க." "பஸ்ல இருக்கறனுங்க." "பஸ்லதான் இருக்கறே, தெரியுது. வியன்னாவுல மைனஸ் ரெண்டாம், பாத்தேன்." மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றவர், பசுமாட்டுக்குக்கூடக் குளிருமென்று சாக்குப் போர்த்துகிற மனுசர், மனைவி பனி பார்க்கப் போகிறாள் என்று தெரிந்த அன்றே இரண்டு ஸ்வெட்டர் வாங்கிவிட்டார், ஒன்று அவளுக்கு, ஒன்று எதற்கும் இருக்கட்டும் என்று. பனி பார்க்க அவளுக்கு ஆசைதான். மறைப்பானேன், ரொம்ப ஆசை. கையை நீட்டினால் மேலே வந்து விழுமாமே. ஒரு வரி அனுப்பினால் விழும். அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாள்.

ஒரு வரி. ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை. அதுவும் ஒரு வரிதான், ரஞ்சிதம்தான் தட்டச்சு செய்தாள், இவள்தான் கையெழுத்துப் போட்டாள், பதினோரு வருடம் ஆகிறது. வேறு மாவட்டம். மேலக்கரடு என்று ஒரு கிராமம், அதன் பின்னால் ஒரு குன்று, குன்றில் நல்ல கருங்கல், குவாரிக்கு ஒருவர் கேட்டிருந்தார். முறைப்படி முப்பது நாள் அறிவிப்பு ஒட்டினார்கள், முறைப்படி யாரும் ஆட்சேபிக்கவில்லை, முறைப்படி எல்லாம் முடிந்தது. ரஞ்சிதம் தாளை உருவும்போது, "மேடம், அந்த ஊர்ல நோட்டீஸ யாராச்சும் படிச்சாங்களாங்க?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு, தான் கேட்டிருக்கக்கூடாது என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். மௌனம் சம்மதம் என்று இவள் வேடிக்கையாகச் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். நாலு மாதம் கழித்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார், ஐம்பது வயதிருக்கும், தோளில் கம்பளி, காலில் டயர்ச் செருப்பு, ஆட்டு வாசனை. கூட ஏழெட்டுப் பேர் வெளியே வேப்பமரத்தடியில். வருடா வருடம் தை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் பக்கம் வயலில் எருவுக்கு அடைத்துக் கிடைபோடப் போய்விடுகிறவர்கள், நாலைந்து மாதம் கழித்துத் திரும்பி வந்து அந்தக் குன்றில்தான் மேய்ப்பார்கள், பாட்டன் காலத்திலிருந்து. இந்தத் தடவை வந்து பார்த்தால் குன்றைச் சுற்றிக் கம்பிவேலி. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் இவள் விதியைச் சொல்லித் தப்பித்திருப்பாள். "நாங்க கிடைக்குப் போயிருந்தோமுங்க அம்மிணி. போனா வருவோம்னு ஊருக்கே தெரியுமுங்களே," என்றார், அவ்வளவுதான், ஏதோ கணக்குத் தவறிவிட்டது, இவளிடம் கேட்டால் சரியாகிவிடும் என்ற முகத்தோடு. முப்பது நாளும் அவர்கள் ஊரில் இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவில்லை, கோப்பில் ஒரு தாள் குறையில்லை. ஆட்சேபணை வரப்பெறவில்லை என்பது சத்தியமான வாக்கியம். அந்தச் சத்தியத்துக்கு இவள் கையெழுத்து. ஆடுகளைப் பிறகு விற்றுவிட்டார்கள் என்று கேள்வி. அந்த முகம் வருடத்துக்கு இரண்டு தடவையாவது வரும், குளிக்கும்போது, அரிசி களையும்போது, வந்து, வருவோம்னு தெரியுமுங்களே என்று கேட்டுவிட்டுப் போகும்.

ஆண்டகலூர் கேட்டில் பக்கத்துப் பெரியவர் திடுக்கிட்டு எழுந்து, இறங்கவேண்டிய இடமா என்று வண்டியிடமே கேட்டு இறங்கினார். மடியில் விளக்கு கனத்தது, தொடை மரத்துப்போயிருந்தது, அவள் பையை நகர்த்திப் பக்கத்து சீட்டில் வைத்தாள், அப்பாடா. மணி நாலு முப்பத்திரண்டு. கைப்பேசியை எடுத்தாள். ஆட்சேபணை இல்லை என்று அடித்தாள். அடித்துப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது, இரண்டே சொல், அனுப்பிவிட்டால் காற்றை வாங்கிக்கொண்டு போகலாம், வரவேற்பில் ரஞ்சிதத்தின் மகளை ஆசீர்வாதம் செய்யலாம், பால்பாயசம் இருக்கும், ரஞ்சிதம் விடமாட்டாள். தில்லியில் இவளைவிடப் படித்தவர்கள் ஆறு பேர் சரி என்கிறார்கள். இவள் ஒருத்தி மறுத்தால் நிலா நின்றுவிடுமா, ஊர் ஓடும்போது ஒத்து ஓடு என்பார்கள். வரைவு திரும்ப ஆறு மாதம் இழுக்கும், நீதிபதி சிரிப்பார், அடுத்த குழுவில் இவள் பெயர் இருக்காது, ஸ்வெட்டர் பீரோவுக்குப் போகும். ஆனால் தொண்ணூறு நாள். தொண்ணூறு நாளில் யார் வந்து சொல்லமுடியும்? சொல்லக்கூடியவர்கள் ஏற்கனவே துண்டு போட்டவர்கள். மற்றவர்கள் எல்லாம் கிடைக்குப் போயிருக்கிறார்கள். சின்னச் சின்ன நாடுகள், இன்னும் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக்கொண்டிருக்கிறவர்கள், இன்னும் பிறக்கவே பிறக்காதவர்கள், அவர்கள் எல்லாம் வருவார்கள், போனால் வருவோம் என்று ஊருக்கே தெரியும். கட்டைவிரல் அனுப்பும் இடத்துக்கு மேலே நின்றது, வண்டி குலுங்கினால் தானாகப் பட்டுவிடும், பட்டுவிட்டால் தேவலை என்றுகூட ஒரு கணம் இருந்தது. யாரோ குனிந்தார்கள். "ஏனுங்கக்கா, இங்க ஆளு வருதுங்களா?" "வருது," என்றாள் கோகிலவாணி, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏழு வயதுக் குரலில், யோசிக்காமல், "வருது, வருது." சொன்ன மறுகணம், அம்மா வருமுன் வண்டி எடுத்துவிடுமோ என்ற அந்தப் பழைய பயம் எழுந்து நின்றது, எழுந்ததும் அவள் இரண்டு சொல்லையும் அழித்தாள்.

அப்புறம் கை நிற்கவில்லை. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் அடித்தாள், அலுவலகப் பழக்கம், வரிக்கு வரி எண் போட்டாள். ஒன்பதாம் விதிக்கு எனக்கு ஆட்சேபணை உண்டு. இப்போது வரமுடியாதவர்கள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று கொள்ளக்கூடாது. இடம் குறித்தவர் இத்தனை நாளுக்குள் போய் இறங்கவேண்டும், இறங்காவிட்டால் அவர் உரிமை தானாகவே போய்விடவேண்டும். ஒருவருக்கு ஓர் இடம். ஐஸ் இருக்கும் குழிகளில் பாதியை, இன்னும் வராதவர்களுக்கு என்று யாரும் தொடாமல் விட்டுவைக்கவேண்டும். இந்தக் கடைசி வரியில் கொஞ்சம் தயங்கினாள். தொடாமல் வைப்பது சரியா? ஐம்பது வருடம் சும்மா கிடக்குமே, அதைத்தான் நீதிபதி கேட்டார், நிற்கிறவனை உட்காராதே என்பீர்களா என்று. காலி இடத்தைக் காவல் காப்பது ஒரு நியாயமா, அல்லது அதுவும் ஒரு வேட்டியை விரித்துப்போடுகிற வேலையா? தெரியவில்லை. தெரியாவிட்டாலும் ஆட்சேபணை இல்லை என்று பொய் சொல்வதைவிட இது மேல் என்று பட்டது. மணி நாலு நாற்பத்தேழு. மல்லூர் போய்க்கொண்டிருந்தது. அனுப்பினாள். போயிற்று என்று கைப்பேசி சொன்னது. அவள் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பஸ் ஓடிக்கொண்டிருந்தது, சேர்வராயன் மலை தூரத்தில் நீலமாகத் தெரிந்தது, ஸ்வெட்டரை ஏற்காட்டுக்குப் போட்டுக்கொண்டு போகலாம், அவரையும் கூட்டிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கின இரண்டாவதை அவர் போட்டுக்கொள்ளட்டும், பனி இல்லாவிட்டால் பனிமூட்டம் இருக்கிறது. நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. மனசு நன்றாக இருந்தது, பல்லில் சிக்கிய நார் வெளியே வந்துவிட்டதுபோல. அவள் நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

முப்பது வயதிருக்கும். மில் வேலைக்குப் போகிற நீலச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருந்தாள், சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது, ஒரு கையில் சோற்று வாளி, மறுகையில் மேல்கம்பி, வளைவில் வண்டி சாயும்போதெல்லாம் சீட்டின் மேல் விழாமல் காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். பக்கத்து சீட்டில் காமாட்சி விளக்கு சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. ஆளு வருதா என்று கேட்டவள், ஆண்டகலூர் கேட்டிலிருந்து பதினைந்து நிமிடமாக நிற்கிறாள். வண்டி நகர்ந்தால் துண்டுக்கே மரியாதை இல்லை, இவள் சொன்ன ஒரு 'வருது'க்கு அவள் பதினைந்து நிமிடம் மரியாதை கொடுத்திருக்கிறாள். கோகிலவாணிக்குக் காது சுட்டது. நிலாவில் வராதவர்களுக்கு இடம் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தவளை நிற்கவைத்துவிட்டாள், ஊருக்கு உபதேசம் என்றால் இதுதான், நீதிபதி பார்த்திருந்தால் ஒரு பாட்டம் சிரித்திருப்பார். "ஐயையோ, கண்ணு," என்று பையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள், "உக்காரு, உக்காரு சாமி, ஏதோ யோசனைல சொல்லிப்போட்டன்." அந்தப் பெண் உட்காரவில்லை, சீட்டைப் பார்த்தாள், வாசற்படியைப் பார்த்தாள். "ஆளு வருதுன்னீங்களேக்கா?" "வருவாங்க. இப்ப வரல, உக்காரு." அவள் வாளியைக் காலுக்கிடையில் வைத்து, சீட்டின் நுனியில், பாதி இடத்தை விட்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்த சுகத்தில் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். "சரிங்கக்கா. அவங்க வந்தா நான் எந்திரிச்சுக்கறனுங்க," என்றாள்.

கோகிலவாணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மணியைப் பார்த்தாள். நாலு ஐம்பத்திரண்டு. கைப்பேசியைத் திரும்ப எடுத்து, அனுப்பிய ஐந்து வரிகளுக்குக் கீழே, கடைசி வரியை இப்படி மாற்றிக்கொள்ளவும் என்று ஒன்று சேர்த்தாள். வந்தவர்கள் உட்காரலாம், எடுக்கலாம். பின்னால் வருகிறவர்கள் வந்தால், அவர்களுக்குப் பாதி மிச்சம் இருக்கும்படி எழுந்துகொள்ளவேண்டும். எழுந்துகொள்வோம் என்று உட்காரும்போதே எழுதிக் கொடுக்கவேண்டும். அனுப்பிவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒடுங்கினாள். "நல்லாத் தள்ளி உக்காரு கண்ணு," என்றாள், "எடம் இருக்குது."